பிளிட்ஸில் ஏன் தோற்கிறோம்? அறிகுறி வாரியாகப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

ஆன்லைனில் பிளிட்ஸ் (ஆளுக்குச் சில நிமிடம் மட்டும் உள்ள வேகச் செஸ்) ஆடுபவர்கள் தங்கள் ஆட்டங்களை எனக்கு அனுப்பி, என்ன கோளாறு என்று கேட்பது வழக்கம். புகார்கள் சுற்றிச் சுற்றி ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். கேட்பவரில் பெரும்பாலோர் "நல்ல ஓப்பனிங் கோர்ஸ் எது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆட்டத்தைத் திறந்து பார்த்தால் ஓப்பனிங்கில் குறை இருக்காது. கடிகாரத்திலோ, கவனத்திலோ, போனிலோ இருக்கும். அதனால் பணம் செலவழிக்கும் முன் கீழே உள்ள வரிசையில் ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் எளிதாகச் சரியாகும் காரணம் முதலில், உழைப்போ பணமோ கேட்கும் காரணம் கடைசியில்.

எந்த அறிகுறி என்று கண்டுபிடிக்க

கடைசியாகத் தோற்ற இருபது ஆட்டங்களை எடுங்கள். என்ஜினை (மூவ்களை மதிப்பிடும் செஸ் மென்பொருளை) இயக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மூன்றே விவரம் குறியுங்கள்: எப்படி முடிந்தது (நேரம் விழுந்ததா, அதாவது கடிகாரத்தில் தீர்ந்ததா; மேட்டா; தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைனா), முடியும்போது யார் கை மேலோங்கி இருந்தது, 15-வது மூவில் இருவர் கடிகாரமும் என்ன காட்டியது.

செஸ் தளமான லிச்செஸ்ஸில் ஆய்வுப் பக்கத்திலேயே ஒவ்வொரு மூவுக்கும் எத்தனை விநாடி ஆனது என்ற வரைபடம் இருக்கிறது, இலவசம். இன்னொரு தளமான செஸ்.காமில் ஆடுபவர்கள் மூவ் பட்டியலின் ஓரத்திலேயே அந்த நேரத்தைப் பார்க்கலாம். இருபதையும் எழுதி முடித்ததும் எந்தக் குவியல் பெரிது என்று பாருங்கள். அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அறிகுறி 1: ஜெயிக்கும் நிலையில் இருந்தும் நேரம் விழுந்து தோற்கிறது

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இதுதான்.

*ஆடும் நேர அளவு சரியா?*

3+0 ஆடுகிறீர்களா, 3+2 ஆடுகிறீர்களா? முதல் எண் ஆரம்பத்தில் கிடைக்கும் நிமிடம், இரண்டாவது எண் ஒவ்வொரு மூவுக்கும் சேரும் விநாடி, அதாவது இன்கிரிமென்ட். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பே 3+2-இல்தான் நடக்கிறது. மூவுக்கு இரண்டு விநாடி கூடினால், அறுபது மூவ் போகும் ஆட்டத்தில் இரண்டு நிமிடம் அதிகம் கிடைக்கிறது. 3+0-இல் கடைசி இருபது விநாடி செஸ் ஆட்டமே இல்லை, மவுஸ் ஓட்டம். அதில் உங்களுக்கு விருப்பம் இருந்தால் தொடருங்கள். செஸ் முன்னேற வேண்டும் என்றால் ஒரு வாரம் 3+2 ஆடிப் பாருங்கள். நேரத் தோல்விகள் பாதியாகக் குறைந்தால் கோளாறு அதோடு தீர்ந்தது. லிச்செஸ்ஸில் 3+0, 3+2, 5+3 எல்லாமே பிளிட்ஸ் என்ற ஒரே ரேட்டிங்கில்தான் சேரும், ஆகவே மாறுவதில் இழப்பு எதுவும் இல்லை.

*பிரீமூவ் பயன்படுத்துகிறீர்களா?*

எதிராளி யோசிக்கும்போதே உங்கள் அடுத்த மூவைப் போட்டு வைப்பது பிரீமூவ். லிச்செஸ்ஸில் ஒன்றுதான் போடலாம், அது கடிகாரத்தில் எதையும் குறைக்காது. செஸ்.காமில் வரிசையாகப் பல போடலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி குறையும். பயந்துகொண்டு இதை அணைத்தே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், கண்டபடி போட்டு ராணியைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆபத்தே இல்லாத பிரீமூவ் ஒன்று உண்டு: உங்கள் காய் நிற்கும் கட்டத்தின் மேலேயே வெட்டுவது. உங்கள் குதிரை சி3-இல் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை) நிற்கிறது, எதிராளி பிஷப்பால் அதை வெட்டுவார் என்று தோன்றுகிறது. பி2 சிப்பாயால் சி3-இல் வெட்டுவதாக முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அவர் வெட்டினால் நீங்கள் அந்தக் கணமே திரும்ப வெட்டியிருப்பீர்கள். வெட்டவில்லை என்றால் அந்த மூவ் விதிப்படி செல்லாது, தானாக ரத்தாகிவிடும். எக்ஸ்சேஞ்ச் (காய்க்குக் காய் வெட்டிக்கொள்வது) நடக்கும் இடத்தில் எல்லாம் இதைப் பழக்கமாக்கினாலே ஒரு ஆட்டத்துக்குப் பத்து விநாடி மிச்சம்.

எதிராளி இடையில் செக் வைக்கவோ, வேறு காயை வெட்டவோ வாய்ப்பிருந்தால், காலிக் கட்டத்துக்குப் பிரீமூவ் போடாதீர்கள்.

*நேரம் எங்கே கரைகிறது?*

மூவ் நேர வரைபடத்தைப் பாருங்கள். உயரமான கம்பிகள் பெரும்பாலும் 8-வது மூவிலிருந்து 15-வது மூவுக்குள்தான் நிற்கும். தெரிந்த ஓப்பனிங் முடிகிறது, திட்டம் இன்னும் பிறக்கவில்லை.

ஒரு கல்லூரி மாணவரின் ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். தாக்கி ஆடுவதில் கெட்டிக்காரர். எதிர் ராஜா நடுவில் மாட்டினால் விடமாட்டார், அங்கே மூவுக்கு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் எடுக்கவும் மாட்டார். நேரத்தை எங்கே விட்டார் என்று பார்த்தால், ஒரு யானையை இ1-இல் வைப்பதா டி1-இல் வைப்பதா என்பதில். இருபது விநாடிக்கு மேல் யோசித்து, கடைசியில் முதலில் தோன்றியதையே ஆடியிருக்கிறார். என்ஜினைக் கேட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம். அந்த ஆட்டத்தில் அவர் நேரம் விழும்போது கையில் ஒரு யானை அதிகம் இருந்தது.

அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். இரண்டு மூவும் ஒன்றுபோலத் தெரிந்தால் முதலில் தோன்றியதை உடனே ஆடுங்கள். நீண்ட யோசனை மூன்று இடத்துக்கு மட்டும்: காயைப் பலி கொடுக்கும்போது, உங்கள் ராஜாவைச் சுற்றியுள்ள சிப்பாயைத் தள்ளும்போது, ராணிகளை எக்ஸ்சேஞ்ச் செய்து எண்ட்கேமுக்குள் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்துக்குள்) போகும்போது. 3+2-இல் 15-வது மூவில் இரண்டு நிமிடம் கையில் இருந்தால் நன்றாகவே ஆடுகிறீர்கள்.

*முடிக்கத் தெரிகிறதா?*

இதற்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும். ராணியும் ராஜாவும் தனி ராஜாவுக்கு எதிராக இருந்தால், எந்த நிலையிலிருந்தும் பத்து மூவுக்குள் மேட் வரும். யானையும் ராஜாவும் என்றால் பதினாறு மூவுக்குள். கணினிக்கு எதிராக இந்த நிலைகளை வைத்து, இன்கிரிமென்ட் இல்லாமல், ராணிக்கு 15 விநாடி, யானைக்கு 30 விநாடி என்று ஆடிப் பாருங்கள். முடியவில்லையா? அப்படியானால் நடு ஆட்டத்தில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் கடைசியில் போய்விடும். தினமும் ஐந்து தடவை, கை தானாக ஓடும்வரை.

கூடவே ஒரு விதியைத் தெரிந்து வைத்திருங்கள். உங்கள் நேரம் விழும்போது எதிராளியிடம் வெறும் ராஜா மட்டுமே இருந்தால் அது தோல்வி இல்லை, டிரா. ஆகவே பத்து விநாடிக்குக் கீழே போய்விட்டால், மேட் தேடுவதை விட்டு அவருடைய கடைசிச் சிப்பாயை வெட்டுங்கள், அரைப் புள்ளி பத்திரமாகிவிடும். நேரம் தாராளமாக இருந்தால் நேர் மாறாக, நகரக்கூடிய ஒரு சிப்பாயை அவருக்கு விட்டு வையுங்கள். அவருக்கு நகர்த்த ஏதாவது இருக்கும்வரை ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே நகர வழியின்றி டிரா ஆவது) வராது.

*எப்போது பயிற்சியாளரிடம் போவது?* பத்து நிமிட ஆட்டத்திலும் இதேபோல நேரம் விழுந்தால். அது வேகக் குறை இல்லை, முடிவெடுக்கத் தயங்கும் பழக்கம். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து "இங்கே என்ன யோசித்தீர்கள்?" என்று கேட்கும் ஒருவரால்தான் பிடிக்க முடியும்.

அறிகுறி 2: நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே மூவில் காய் போகிறது

*திரையும் விரலும்.* போனில் ஆடினால் விரலே கட்டத்தை மறைக்கும். பிஷப்பைப் பக்கத்துக் கட்டத்தில் விட்டதெல்லாம் செஸ் தவறு இல்லை. காயை இழுத்து வைப்பதற்குப் பதிலாகத் தொட்டுத் தொட்டு நகர்த்தும் முறைக்கு மாறிப் பாருங்கள். கணினியில் ஆடிப் பார்த்துத் தவறு குறைந்தால் காரணம் புரிந்துவிட்டது.

*எதிராளியின் மூவைப் பார்க்காமல் ஆடுவது.* நாம் நம் திட்டத்திலேயே இருப்போம். அவர் ஆடியது நம் திட்டத்துக்கு நடுவில் வந்த இடைஞ்சலாகத்தான் தெரியும். அவர் ஆடியதும் "செக் இருக்கா, வெட்டு இருக்கா, மிரட்டல் இருக்கா" என்று ஒரு பார்வை. இதைப் பிளிட்ஸில் பழக முடியாது. பத்து நிமிட ஆட்டத்தில், வாய்விட்டுச் சொல்லியே பழகுங்கள். அங்கே ஊறிவிட்டால் பிளிட்ஸில் ஒரு விநாடிக்குள் தானாக நடக்கும்.

*சப்போர்ட் இல்லாத காய்கள்.* விட்ட காய்களைப் பட்டியல் போட்டால் ஒன்று தெரியும்: அவற்றில் பெரும்பாலானவை மூன்று நான்கு மூவாகவே சப்போர்ட் இல்லாமல் தனியாக நின்றவை. எதிராளியின் ராணி ஒரு செக் வைக்கும், அதே மூவில் தூரத்தில் நிற்கும் யானையையும் பார்க்கும், ஆட்டம் முடிந்தது. நீண்ட நேர ஆட்டத்தில் காயைச் சப்போர்ட் இல்லாமல் நிறுத்தலாம், கணக்குப் போட நேரம் இருக்கிறது. பிளிட்ஸில் என்ஜின் சொல்லும் மிகச் சிறந்த மூவை விட, காய்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரண்டாம் தர மூவே மேல் என்பது என் உறுதியான கருத்து.

*பின்னோக்கி வரும் மூவ்கள்.* குதிரை பின்வாங்கி ஃபோர்க் (ஒரே மூவில் இரண்டு காயைத் தாக்குவது) போடுவது, மூலையில் நின்ற பிஷப் நீண்ட கோட்டில் திரும்பி வந்து வெட்டுவது. முன்னே போகும் மூவ்களைக் கண் எளிதில் பிடிக்கும், பின்னே வருவதைத் தவறவிடும். இதற்குக் கஷ்டமான பசில்கள் உதவாது. எளிய பசில்களை வேகமாகப் போடுவதுதான் மருந்து. லிச்செஸ்ஸின் பசில் ஸ்டார்ம், செஸ்.காமின் பசில் ரஷ் இரண்டும் இதற்கென்றே இருப்பவை. தினமும் மூன்று சுற்று போதும். முடிந்ததும் தவறவிட்டவற்றை நிதானமாகத் திரும்பப் பாருங்கள், பலன் அதில்தான்.

இந்தக் குறை முழுக்கப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2022 மே மாதம் ஆன்லைன் ரேப்பிட் (பிளிட்ஸை விடச் சற்று நீண்ட) ஆட்டம் ஒன்றில், சமநிலையில் இருந்த இடத்தில் அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்து பிரக்ஞானந்தாவிடம் தோற்றார். ஆட்டத்துக்கு ஒன்று என்பதைப் பத்து ஆட்டத்துக்கு ஒன்று என்று குறைப்பதுதான் நம் வேலை.

*எப்போது பயிற்சியாளர்?* இரண்டு மாதம் பசில் போட்டும் ஒரே வகைக் காய், ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வந்தால். சாயங்காலத்தில் மட்டும் கட்டங்கள் மங்கித் தவறு கூடினால் முதலில் கண் மருத்துவர்.

அறிகுறி 3: பத்துப் பன்னிரண்டு மூவுக்குள் ஆட்டம் முடிகிறது

இங்கேதான் எல்லோரும் கோர்ஸ் வாங்க ஓடுகிறார்கள். வேண்டாம். ஆன்லைன் பிளிட்ஸில் திரும்பத் திரும்ப வரும் பொறிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கருப்பில் இருக்கிறீர்கள், வெள்ளை பிஷப்பை சி4-இல் வைத்து, குதிரையை ஜி5-க்குக் கொண்டு வந்து எஃப்7-ஐக் குறிவைக்கிறார். நீங்கள் டி5 தள்ளுகிறீர்கள், அவர் சிப்பாயால் வெட்டுகிறார். இங்கே குதிரையால் திரும்ப வெட்டினால் அவர் எஃப்7-இல் குதிரையைப் பலி கொடுத்து உங்கள் ராஜாவை நடுத்தெருவுக்கு இழுத்துவிடுவார். அதற்குப் பதில் சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பை விரட்டுங்கள். ஒரு சிப்பாய் குறையும், ஆனால் ஆட்டம் உங்கள் கைக்கு வரும்.

வெள்ளையில் இருக்கிறீர்கள், இ5 சிப்பாயை வெட்டிய உங்கள் குதிரையோடு கருப்பு சி6-இல் குதிரைகளை எக்ஸ்சேஞ்ச் செய்து, சிப்பாயைத் திரும்ப எடுக்காமலே விட்டுவிடுகிறார். இது ஸ்டாஃபர்ட் கேம்பிட் (கேம்பிட் என்றால் ஆரம்பத்திலேயே சிப்பாயைப் பலி கொடுப்பது). டி3 ஆடுவீர்கள், அவர் பிஷப்பை சி5-இல் வைப்பார். இப்போது பிஷப்பை ஜி5-க்குக் கொண்டு போய் குதிரையைப் பின் செய்ய (பின்னால் ராணி இருப்பதால் நகர முடியாமல் கட்டிப்போட) தோன்றும். செய்யாதீர்கள். அவர் ராணியைப் பற்றிக் கவலைப்படாமல் குதிரையால் இ4-ஐ வெட்டுவார், நீங்கள் ராணியை எடுத்தால் எஃப்2-இல் பிஷப் செக், அடுத்து ஜி4-இல் மேட். பிஷப்பை இ2-இல் வையுங்கள், அப்புறம் சி3. ஒரு சிப்பாய் அதிகத்தோடு நிம்மதியாக ஆடலாம்.

டி4 ஆடுபவர்களுக்கு இங்லண்ட் கேம்பிட். கருப்பு ராணி பி4-இல் செக் வைத்து, நீங்கள் பிஷப்பை டி2-இல் வைத்ததும் பி2 சிப்பாயை வெட்டும். ராணியை விரட்ட பிஷப்பை சி3-இல் வைப்பவர்தான் மாட்டுகிறார். குதிரையை சி3-இல் வையுங்கள்.

இந்த மூன்றையும் ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். மிச்சப் பொறிகளுக்கு ஒரே வழி, மாட்டியவுடன் அந்த ஆட்டத்தைத் திறந்து எந்த மூவில் தப்பியிருக்கலாம் என்று பார்ப்பது. ஒரே பொறியில் மூன்றாம் முறை மாட்டினால் நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

*எப்போது பயிற்சியாளர்?* இந்த அறிகுறிக்கு மட்டும் தேவையில்லை.

அறிகுறி 4: ஒன்று தோற்றால் வரிசையாகத் தோற்கிறது

ஆட்ட நேரங்களைப் பாருங்கள். இரவு பதினொன்றுக்குப் பிறகா? ஒரு ஆட்டம் முடிந்து சில விநாடியில் அடுத்ததா? இழந்த ரேட்டிங்கை இன்றே மீட்டுவிட வேண்டும் என்று ஆடும் ஆட்டங்கள் இவை.

தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீமேட்ச் கொடுக்க வேண்டாம், குறிப்பாகக் கோபம் வரவழைத்த எதிராளிக்கு. எதிராளியின் ரேட்டிங்கைப் பார்த்தாலே கை தடுமாறும் என்றால் லிச்செஸ்ஸில் ஜென் முறையை இயக்குங்கள். ரேட்டிங்கும் அரட்டையும் மறைந்து பலகையும் கடிகாரமும் மட்டும் இருக்கும்.

நிறுத்த வேண்டும் என்று நினைத்தும் நிறுத்த முடியாமல் தூக்கம், படிப்பு, வேலை கெடும் அளவுக்குப் போனால் அது செஸ் பயிற்சியாளரின் வேலை இல்லை. வீட்டில் பேசுங்கள், மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

அறிகுறி 5: மாதக்கணக்கில் ரேட்டிங் நகரவே இல்லை

*முதலில் எண்ணைச் சரியாகப் படிக்கிறீர்களா?* லிச்செஸ் ரேட்டிங்கையும் செஸ்.காம் ரேட்டிங்கையும் ஒப்பிடக் கூடாது, இரண்டும் வேறு வேறு கூட்டம், வேறு வேறு அளவு. ஒரே மாலையில் எண்பது நூறு ஏறி இறங்குவதும் பிளிட்ஸில் சகஜம். மூன்று மாதத்துக்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று மட்டும் பாருங்கள்.

*பலத்தை விட்டுவிட்டுப் பலவீனத்தோடு மல்லுக்கட்டுகிறீர்களா?* இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நம் பக்கத்து ஆட்டக்காரர்களையே பாருங்கள். சென்னை டால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ் ஆடி வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்துக்கு இளவயதிலேயே 'லைட்னிங் கிட்' என்று பெயர். 2017-இல், 48 வயதில், ரியாத்தில் உலக ரேப்பிட் பட்டம் வென்றார். திருச்சூரின் நிஹால் சரின் சிறு வயதிலிருந்தே ஆன்லைன் பிளிட்ஸிலும் அதைவிட வேகமான புல்லட்டிலும் பெயர் எடுத்தவர். குகேஷ் 2024-இல் கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்ட) உலக சாம்பியன் ஆனபோது, அவருடைய பிளிட்ஸ் ரேட்டிங் கிளாசிக்கல் ரேட்டிங்கை விட நன்றாகக் கீழேதான் இருந்தது. ஆழமாகக் கணக்குப் போடுவது அவர் பலம், அதற்கு நேரம் வேண்டும்.

நீங்கள் எந்த வகை என்று தோற்ற ஆட்டங்கள் சொல்லாது. ஜெயித்த ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மேட்டில் முடிகிறதா, சிப்பாய் ராணியாகி முடிகிறதா, எதிராளி நேரம் விழுந்து முடிகிறதா?

மேட்டில் முடிந்தால் நீங்கள் தாக்கி ஆடுபவர். ராணிகளைச் சீக்கிரம் எக்ஸ்சேஞ்ச் செய்யும் ஓப்பனிங்கை விடுங்கள், எண்ட்கேமுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், மீதியைத் தொட வேண்டாம். எண்ட்கேமில் ஜெயிப்பவர் என்றால் முதல் இருபது மூவில் உயிரோடு தப்புவதுதான் உங்கள் பயிற்சி. லண்டன் சிஸ்டம், காரோ-கான் போன்ற உறுதியான அமைப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே ஆடுங்கள். எதிராளி நேரம் விழுந்து ஜெயிப்பது அதிகம் என்றால், கை வேகமானது, மூவின் தரம் பின்தங்கி நிற்கிறது. புல்லட்டை ஒரு மாதம் நிறுத்திவிட்டு 10+5 ஆடுங்கள். முதல் இரண்டு வாரம் தோல்வி கூடும், பயப்பட வேண்டாம்.

முன்னே சொன்ன மாணவர் யானை எண்ட்கேம்களில் தடுமாறினார். ஓப்பனிங்கை மாற்றிப் பொறுமையாக ஆடப் பழகலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். அவருடைய தாக்குதல்தான் அவரை இவ்வளவு தூரம் கொண்டு வந்தது. லூசேனா, ஃபிலிடோர் என்ற இரண்டு யானை எண்ட்கேம் நிலைகளை மட்டும் கற்றுக்கொள்ளச் சொன்னேன். ஒரு சிப்பாய் அதிகம் இருக்கும்போது ஜெயிக்க முதலாவது, குறைவாக இருக்கும்போது டிரா பிடிக்க இரண்டாவது.

*எப்போது பயிற்சியாளர்?* உங்கள் வகையைக் கண்டுபிடித்து, அதன்படி மூன்று மாதம் ஆடியும் நகரவில்லை என்றால் இது காசு கொடுக்க வேண்டிய நேரம். போகும்போது தோற்ற ஆட்டம் பத்து, ஜெயித்த ஆட்டம் பத்து, கடிகார நேரங்களோடு கொண்டு போங்கள். முதல் வகுப்பிலேயே ஓப்பனிங் ஃபைலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்பவரை விட, உங்கள் ஆட்டங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி 6: மூவ் போட்டும் பலகை நகரவில்லை, நேரம் மட்டும் ஓடுகிறது

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் குறை ரவுட்டரிலோ தூரத்திலோ. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், அதன் அருகே உட்கார்ந்து ஆடிப் பாருங்கள், வீட்டில் வேறு யாராவது பெரிய ஃபைல் இறக்குகிறார்களா என்று கேளுங்கள். போனில் ஆடினால் அழைப்பு வந்து இணைப்பு அறுவதைத் தடுக்க 'தொந்தரவு செய்யாதே' முறையைப் போடுங்கள். பழைய போன் சூடாகித் திணறினால் மற்ற ஆப்களை மூடுங்கள்.

இரண்டு கருவி, இரண்டு இணைப்பு மாற்றிப் பார்த்தும் தினமும் ஒரே நேரத்தில் திணறினால் இணைய நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். அது சரியாகும்வரை இன்கிரிமென்ட் உள்ள ஆட்டங்களை மட்டும் ஆடுங்கள், ஒவ்வொரு மூவுக்கும் சேரும் விநாடிகள் சின்னச் சின்னத் தாமதத்தைத் தாங்கிக்கொள்ளும்.